நாற்பத்தோராம் பக்கம்

ஒதெத் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் மூன்றாவது தலையணையைத் திணித்து அவரை நிமிர்த்தினாள். எலும்பும் தோலுமாகக் கிடந்தவர் அந்த நேரம் பார்த்துக் கல்லாகக் கனத்தார். மணி பதினொன்றே கால். பன்னிரண்டுக்கு அச்சு இயந்திரம் ஓடத் தொடங்கிவிடும்.

"அப்பா, பேனாவைப் பிடிங்க. ஒரே ஒரு கையெழுத்து."

கட்டிலின் கால்மாட்டில் நோட்டரி ஒரு காகிதத்தை அட்டையில் வைத்து நீட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் முதலாளி பிரேவால், தொப்பியின் விளிம்பைத் தடவியபடி, சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

லியோன் நகரத்தில் அச்செழுத்து வார்க்கும் பிரேவால் வார்ப்பகம் தொடங்கி நூறு வருஷம். அதற்கு ஒரு வரலாற்றுப் புத்தகம் போடுகிறார்கள். வார்ப்பகத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்த எழுத்து வடிவம் நாற்பத்தோராம் பக்கத்தில் வருகிறது. ரொட்டிக்கடைப் பலகையிலிருந்து கல்யாணப் பத்திரிகை வரை பாதி நாடு அந்த எழுத்தைத்தான் வாசித்தது. வரைந்தவர் என்று முதலாளியின் அப்பா பேர் போட்டிருந்தார்கள். உண்மையில் வரைந்ததும் எஃகுக் கட்டையில் வெட்டியதும் கட்டிலில் கிடக்கும் இந்த ரெமி ஷவாலார். முப்பது வருஷமாக அவர் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. ஒதெத்தால்தான் பொறுக்க முடியவில்லை. ஒரு வருஷம் நடையாய் நடந்து முதலாளியின் உயிரை வாங்கினாள். "அவரே நோட்டரி முன்னால கையெழுத்துப் போட்டுச் சொல்லட்டும், பேரை மாத்திடறேன்" என்றார் அவர். சாகக் கிடக்கிறவர் எங்கே எழுதப்போகிறார் என்கிற தைரியம்தான்.

நோட்டரி உரக்க வாசித்தார். "ரெமி ஷவாலாராகிய நான், இந்த எழுத்துகளை வரைந்து வெட்டியவன் நானே என்று... புரியுதா, ஷவாலார்?"

கிழவர் கண்ணைத் திறந்தார். "புரியாம என்ன? காது நல்லாத்தான் இருக்கு."

"அப்போ போடுங்கப்பா!"

"எங்கப்பா மேல உங்களுக்குக் கோபமா, ரெமி?" முதலாளி திடீரென்று கேட்டார்.

"அவருக்கு மீசை நல்லா இருந்துது. எழுத்துதான் வரல."

ஒதெத்துக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. முதலாளிக்கு முகம் சிவந்தது.

பேனாவைப் பிடித்ததும் கிழவரின் நடுக்கம் நின்றது. காகிதத்தின் வலது ஓரத்தில் ஆரம்பித்தார். கூட்டெழுத்தாகக் கிறுக்காமல், ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்தி, இடதுபக்கம் நகர்ந்தார். மூச்சு அறுந்து அறுந்து வந்தது. ஒதெத்தும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். கடைசிக் கோட்டை இழுத்ததும் பேனா போர்வையில் உருண்டது.

நோட்டரி காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என்ன? எந்த மொழி இது?"

ஒதெத்துக்கும் அது புழு நெளிந்த மாதிரிதான் தெரிந்தது. "முதலாளி, நீங்க பாருங்க!"

பிரேவால் பார்த்தார். தேவைக்கு மேல் ஒரு நொடி கூடுதலாகப் பார்த்தார். "எனக்கும் ஒண்ணும் புரியல" என்றார்.

"இது செல்லாதும்மா. இன்னொரு தரம் போடச் சொல்லுங்க" என்றார் நோட்டரி.

"அப்பா, இன்னொரு தரம். அப்பா! என்னைப் பாருங்கப்பா!"

அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், ஆனால் அவளை அல்ல. நோட்டரி குனிந்து மணிக்கட்டைப் பிடித்தார், பிறகு மெதுவாகக் கீழே வைத்தார். ஒதெத் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா போய்விட்டார் என்பதைவிட, அவரைக் கடைசி நிமிஷத்தில் அதட்டிவிட்டோமே என்பதுதான் அவளுக்கு நெஞ்சை அறுத்தது.

சத்தம் கேட்டு எதிர்வீட்டு பெரோ அம்மா ஓடிவந்தாள். சிலுவைக் குறி போட்டாள், கடிகாரத்தை நிறுத்தினாள், பீரோவிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்தாள். சாவு வீட்டில் கடிகாரம் ஓடக்கூடாது, கண்ணாடியை மூடாமல் விடக்கூடாது.

நோட்டரியின் கையிலிருந்த காகிதத்தை ஒதெத் வாங்கிக்கொண்டு எழுந்தாள். கிழித்துப் போடத்தான் நினைத்தாள். துணி பாதி இறங்கியிருந்த அலமாரிக் கண்ணாடியில் தற்செயலாக அவள் கண் பட்டது.

"எடுங்க அதை!"

"ஐயோ, ஆகாதும்மா..."

ஒதெத் துணியை ஒரே இழுப்பாக இழுத்து எறிந்தாள். காகிதத்தைக் கண்ணாடிக்கு நேரே பிடித்தாள். ரெமி ஷவாலார். தெளிவாக, நேராக. அச்செழுத்தை எஃகில் திருப்பித்தான் வெட்டவேண்டும், காகிதத்தில் விழும்போதுதான் அது நேராகும். ஐம்பது வருஷம் திருப்பியே வெட்டிய கை, சாகும்போதும் திருப்பியே எழுதியிருந்தது.

"சட்டத்துல கண்ணாடியெல்லாம் கிடையாது" என்றார் நோட்டரி. "பதிவேட்டுல இருக்கிற கையெழுத்து இப்படி இல்ல. நான் முத்திரை போடமுடியாது."

ஒதெத் அவரைத் திரும்பியே பார்க்கவில்லை. கண்ணாடிக்குள் தெரிந்த பிரேவாலைப் பார்த்தாள்.

"நீங்க வார்ப்பகத்துலயே வளந்தவரு. நடக்கிறதுக்கு முன்னாடியே எழுத்தைத் திருப்பிப் படிச்சவரு. கண்ணாடி இல்லாமலே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

அவர் நெருங்கி வந்து காகிதத்தைப் பார்த்தார். முதல் எழுத்தின் அடிக்கால், வரிக்குக் கீழே கொஞ்சம் இறங்கி வளைந்திருந்தது. ஊரிலுள்ள பலகைகளில் எல்லாம் அது அப்படித்தான் வளையும். தன் அப்பாவின் கைவண்ணம் என்று வருகிறவர்களிடம் எல்லாம் அவர் காட்டிய வளைவு அதுதான்.

"தெரிஞ்சுது" என்றார் கடைசியில். "பார்த்ததுமே தெரிஞ்சுது."

நோட்டரி தொண்டையைச் செருமினார். "முத்திரை இல்லாம நீங்க ஒண்ணும் மாத்தவேண்டியதில்ல, பிரேவால்."

"மணி என்ன?" என்றார் பிரேவால்.

"பன்னிரண்டுக்கு எட்டு நிமிஷம் இருக்கு" என்றார் நோட்டரி, தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து.

"டெலிபோன் எங்க இருக்கு?"

"கீழ, காபிக்கடையில" என்றாள் பெரோ அம்மா.

தொப்பியை மறந்துவிட்டு அவர் மரப்படிகளில் தடதடவென்று இறங்கினார். ஒதெத் அப்பாவின் கண்களை மூடினாள். நெற்றியில் முத்தமிட்டாள். வழக்கப்படி ஜன்னலை அடைக்கப் போனாள்.

கீழே காபிக்கடை வாசல் வரை டெலிபோன் கம்பியை இழுத்துக்கொண்டு வந்து பிரேவால் கத்திக்கொண்டிருந்தார். "நிறுத்துங்க! நாற்பத்தோராம் பக்கம்... ஆமா, எங்கப்பா பேரைத்தான்! எடுத்துடுங்க!" உள்ளே சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

ஒதெத் ஒரு ஜன்னல் கதவைச் சாத்தினாள். மற்றதை, அவர் பேசி முடிக்கட்டும் என்று, கையால் பிடித்தபடி திறந்தே வைத்திருந்தாள்.