தும்மிய சிலப்பன்

1

ஒப்புக்கொள்கிறேன்: இதை நகைச்சுவைக் கதையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். கொச்சியில், வைப்பின் தீவுக்குப் போகும் படகில் ஒருவர் சொன்ன சம்பவம். நான் சிரித்த சிரிப்பில் பக்கத்திலிருந்த மீன்காரச் சேச்சி தன் கூடையை நகர்த்தி வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து முதல் வரி போட்டேன்:

மலை முகட்டில் மூடுபனி வெண்பட்டாக விரிந்து—

(வேண்டாம். மட்டாஞ்சேரியில் ஃபேனுக்கடியில் வியர்த்து வழிகிறவனுக்குப் பட்டு ஒரு கேடா?)

2

மறுபடியும். சுக்கு மண்டிக்கு மேலே ஒரு மாடி அறை. பாலக்காட்டுக் குடும்பத்துப் பெண் ஸாதனா, பறவை ஆராய்ச்சிக்காரி, காதில் ஹெட்போனோடு இருக்கிறாள். கீழே லாரிக்காரன் ஹாரனை விடாமல் அழுத்துகிறான். அவள் காதிலோ, போன மழைக்காலத்தில் பதிவு செய்த சோலைக்காடு.

தேடுவது சிலப்பன் என்கிற பாட்டுப் பறவையை. மைனாவைவிடச் சின்னது. மேற்கு முகடு, கிழக்கு முகடு* இரண்டையும் விட்டால் அதற்கு உலகத்தில் வேறு இடமில்லை. நடுவிலுள்ள பள்ளத்தாக்கின் சூட்டைத் தாண்டாது.

(* பெயர் சொல்லமாட்டேன். சொன்னால் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவீர்கள்.)

கிழக்கு முகட்டில் ரோடு போடப்போகிறார்கள். தடுக்க ஸாதனாவிடம் இருப்பது ஒன்றே ஒன்று: அங்கே சிலப்பன் இருக்கிறது என்கிற கணக்கெடுப்பு. நாளைக்கு விசாரணை.

கணக்கெடுப்பது இப்படி: பதிவு செய்த பாட்டை ஸ்பீக்கரில் கொஞ்சம் போட்டு, நிறுத்தி, காதைத் தீட்டிக்கொள்வது. என் எல்லைக்குள் எவன்டா என்று பறவை பதிலுக்குப் பாடும். கிழக்கு முகட்டின் ஒரு பக்கம் ஸாதனா, மறுபக்கம் அவளுடன் வேலை செய்யும் பினு. இருவருக்கும் பதில் கிடைத்தது. அன்றைக்குப் பனியில் இரண்டு பேரும் குதித்த குதி!

3

"பினு, இங்க வாடா. இதக் கேளு."

பினு இந்த ஊர்த் தமிழன், முனிசிபாலிட்டி ஊழியர் மகன். சாயா கிளாஸோடு வந்தான்.

"நல்லாத்தானே பாடுது சேச்சி?"

"என் ஸ்பீக்கரை நிறுத்தினப்புறம் வந்த பதிலாக்கும். கடைசியக் கேளு."

பாட்டின் வாலில், மெல்ல, ஒரு தும்மல்.

"சிலப்பனுக்கு ஜலதோஷமா?"

"உன் தும்மல்டா! நாம ஸ்பீக்கர்ல போடற பாட்டை மேற்கு முகட்டுல பதிவு பண்ணினது நீதானே?"

பினு கிளாஸைக் கீழே வைத்தான். "அப்ப நீங்க கேட்டது..."

"உன் ஸ்பீக்கர்."

"நான் கேட்டது?"

"என்னோடது. தனித்தனியா, வேற வேற நாள் போகணும்னு இருந்தோம். மழை வலுக்கறதுக்கு முன்னாடி முடிச்சுடலாம்னு சேர்ந்து போனோமே."

(இங்கேதான் நான் படகில் சிரித்தேன்.)

அவர்களும் சிரித்தார்கள். பினு நிறுத்திவிட்டான். ஸாதனாவின் தோள் மட்டும் குலுங்கிக்கொண்டே இருந்தது. அது சிரிப்பில்லை என்று அவனுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று.

4

"மிச்சப் பதிவு சேச்சி?"

"எல்லாம் கேட்டாச்சு. மழை. தவளை. வேற யாருமில்ல."

"தும்மலை மட்டும் வெட்டிடட்டுமா? யாருக்குத் தெரியும்?"

"தெரிஞ்சா, மேற்கு முகட்டுல நிஜமாவே இருக்குன்னு நாம சொன்னா எவன் நம்புவான்?"

"உண்மையச் சொன்னா கிழக்குக் காடு போயிடுமே. பின்ன சிலப்பன் எங்க திரும்பி வரும்?"

"எங்கேர்ந்துடா வரும்? மேற்குல இருக்கறது பள்ளத்தாக்கைத் தாண்டாதே."

பினு லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

5

முடிவு அ: சொல்கிறாள். ரோடு வருகிறது.

முடிவு ஆ: வெட்டுகிறார்கள். பறவையே இல்லாத காடு பறவையின் பெயரில் பிழைக்கிறது, எவனாவது கண்டுபிடிக்கும்வரை.

முடிவு இ: அப்போது ஹெட்போனில், மழைக்கு அப்பால், தும்மலில்லாத ஒரு பாட்டு—

அந்த வரியை அடித்துவிட்டேன். ஒரு வரியில் ஒரு பறவையைக் கொண்டுவந்துவிடலாம், எனக்கென்ன செலவு? பேனா பிடித்தவனுக்கு அது கை வந்த கலை. கிழக்கு முகட்டுக்கு இன்னொரு ஸ்பீக்கர், அவ்வளவுதான்.

பினு லேப்டாப்பைத் திறந்துகொண்டு கேட்கிறான்: "என்ன அனுப்பட்டும் சேச்சி?"

ஸாதனா ஹெட்போனை மாட்டிக்கொண்டு மழையை முதலிலிருந்து கேட்க ஆரம்பிக்கிறாள். அவள் காதிலிருந்து அதைப் பிடுங்க எனக்கு மனசில்லை.

அதனால் நீங்கள்தான் சொல்லவேண்டும். பினு காத்திருக்கிறான்.