சாயமில்லாத குழாய்

சல்லடைமேல் கிடந்த மூன்றாவது எலியின் மண்ணீரலை ஊசிக்குழாயின் தண்டால் மெல்ல நசுக்கிக்கொண்டிருந்தபோது சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. கையில் உறை இருந்ததால் விட்டுவிட்டான். அதிர்ந்து ஓய்ந்து மறுபடி அதிர்ந்தது. இடக்கை உறையைக் கழற்றிவிட்டு எடுத்தான். மனைவியின் அண்ணன்.

"மாப்ள, வீட்டுக்குப் போய்ட்டீங்களா?"

"இல்ல மச்சான். லேப்ல இருக்கேன்."

அந்தப் பக்கம் ஆஸ்பத்திரிச் சத்தம் கேட்டது. யாரோ சக்கர நாற்காலி வேண்டும் என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

"லேப்லயா" என்றார் மச்சான். அதைக் கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை.

விடிகாலை ஐந்து நாற்பதுக்கு அவன் மனைவி இறந்துபோயிருந்தாள். மூன்று நாள் காய்ச்சல், ரத்தத்தில் தொற்று. காகித வேலைகளைத் தான் பார்த்துக்கொள்வதாகவும், இரண்டரைக்குத்தான் உடலைக் கொடுப்பார்கள் என்றும், அதுவரை வீட்டில் போய்ப் படுக்கும்படியும் மச்சான்தான் அவனை ஆட்டோவில் ஏற்றிவிட்டார். ஆட்டோ ஆராய்ச்சி நிலையத்தின் வாசலைத் தாண்டும்போது நிறுத்தச் சொல்லி இறங்கிக்கொண்டான். இன்று வியாழக்கிழமை என்பது மட்டும் நினைவிருந்தது.

அட்மிட் ஆன அன்று அவள் சொன்னாள்: "வியாழக்கிழமை இருபத்தொண்ணாம் நாள். அதுக்குள்ள வந்துருவேன்." அவளுடைய சோதனையின் எட்டு எலிகளுக்கும் ஊசி போட்டு வியாழக்கிழமையோடு இருபத்தொரு நாள். அன்றே மண்ணீரலை எடுத்து, அதிலிருக்கும் நோயெதிர்ப்புச் செல்களைப் பிரித்து, சாயமிட்டு எண்ணியாக வேண்டும். ஒரு நாள் தள்ளினாலும் பதினோரு மாத வேலை குப்பைக்குப் போகும். அவள் அதை அவனிடம் வேண்டுகோளாகச் சொன்னாளா, தகவலாகச் சொன்னாளா, அதுதான் அவனுக்கு விளங்கவில்லை.

அவனும் அங்கேதான் வேலை பார்த்தான், ஆனால் தரைத்தளத்தில். செல்களை ஒவ்வொன்றாக லேசர் முன்னால் ஓடவிட்டு எண்ணும் இயந்திரத்துக்கு அவன் பொறுப்பு. மாடியில் அவள் செல்களைத் தயார் செய்து ஐஸ் பெட்டியில் கொண்டுவருவாள், அவன் எண்ணிக் கொடுப்பான். கட்டி தட்டிய செல்லைக் கொண்டுவந்தால் இயந்திரம் அடைத்துக்கொள்ளும் என்று திருப்பி அனுப்புவான். "வாட்ச்மேன் கிட்ட பொண்டாட்டின்னு சலுகையே கிடையாது" என்று மாடிப்படியெல்லாம் கேட்கும்படி சொல்லிக்கொண்டே போவாள். சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் அவனை வாட்ச்மேன் என்றே கூப்பிடத் தொடங்கினார்கள்.

எண்ணத் தெரிந்தவனுக்குத் தயார் செய்யத் தெரியாது. அவளுடைய நோட்டைத் திறந்து வைத்து வரி வரியாகச் செய்தான். சல்லடையில் நசுக்கு. சுழற்று. சிவப்பணுக்களை உடைக்கும் நீரை ஊற்று. அந்த வரிக்குப் பக்கத்தில் அவள் எழுதியிருந்தாள்: ரெண்டு நிமிஷம். மூணு இல்ல. அடிக்கோடும் போட்டிருந்தாள்.

அவளைப் பெற்ற அத்தையும் ஒரு தடவை போனில் கூப்பிட்டார். வீட்டில் ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள், மாப்பிள்ளை எங்கே என்று கேட்கிறார்கள், என்ன சொல்ல என்று கேட்டார். இன்று இருபத்தொன்றாம் நாள் என்று சொன்னான். அத்தைக்கு என்ன புரிந்ததோ, வைத்துவிட்டார்.

சிவப்பணுக்கள் உடைந்ததும் அடியில் வெள்ளையாகக் கொஞ்சம் தங்கியது. எட்டுக் குழாயிலும் அப்படியே தங்கியது. முந்தாநாள் டாக்டர் அவனைத் தனியாக அழைத்து வெள்ளையணு எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது என்றபோது, "எந்த வகை?" என்று கேட்டிருந்தான். டாக்டர் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அவர் சொன்ன விகிதத்தைக் கையிலிருந்த சீட்டில் குறித்துக்கொண்டான். அதை வைத்து என்ன செய்வதாக இருந்தான் என்பது இப்போது யோசித்தாலும் பிடிபடவில்லை.

சாயம் போட்டு இருட்டில் அரை மணி நேரம் வைத்துக் கழுவி, ஒன்றே காலுக்கு எட்டுக் குழாய்களோடு கீழே இறங்கினான். தன் நாற்காலியில் உட்கார்ந்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது. இயந்திரத்தைப் போட்டான். திரை வழக்கம்போல முதல் குழாயைக் கேட்டது.

முதல் குழாய் சாயமில்லாத குழாய். சாயமே படாத செல்களை ஓடவிட்டுத்தான் எது சாயத்தின் ஒளி, எது இல்லை என்று கோடு கிழிக்க முடியும். அந்தக் கோடு இல்லாவிட்டால் மற்ற எட்டும் வெறும் புள்ளிகள். அந்த ஒரு குழாய் இல்லாமல் வந்தவர்களை, எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், வாசலோடு அனுப்பியவன் அவன். நோட்டில் அது எழுதப்பட்டிருக்கவில்லை. அவளுக்கு அது எழுதி வைக்க வேண்டிய விஷயமே இல்லை.

மீந்த செல்கள் இருந்திருந்தால் போதும். சாயமிட எடுத்தது போக மிச்சத்தை அவன் ப்ளீச்சில் கொட்டிவிட்டு மேசையைத் துடைத்திருந்தான். அவள் எதையும் கொட்ட மாட்டாள். லேப் ஃபிரிட்ஜிலும் சரி, வீட்டு ஃபிரிட்ஜிலும் சரி, ஒரு கரண்டி மிச்சத்துக்கு ஒரு டப்பா போட்டு வைப்பாள். அவன் கொட்டுவான். கல்யாணமான நாலு வருஷத்தில் உருப்படியாகப் போட்ட சண்டை அது ஒன்றுதான்.

விலங்குக் கூடத்துக்கு ஓடினான். கூண்டுகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணை எல்லாரும் எலியக்கா என்பார்கள். காலையில் எட்டு எலிகளையும் மயக்கி மண்ணீரல் எடுத்துக் கொடுத்தது அவள்தான். இப்போது நல்ல சேலை கட்டி, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்கக்கா கிளம்பிட்டீங்க?"

"உங்க வீட்டுக்குத்தான் சார்."

அவன் விழித்தான்.

"நீங்களும் இங்க இருக்கீங்க. ஆபீஸ் சார்பா ஒருத்தராவது அங்க இருக்க வேணாமா?"

விஷயத்தைச் சொன்னான். சொல்லும்போது வார்த்தைகள் முன்னுக்குப் பின்னாக வந்தன. எலியக்கா பூட்டைத் திறந்தாள். ஊசி போடாத எலி ஒன்று இருக்கிறது, எதற்கும் இருக்கட்டும் என்று மேடம் வைக்கச் சொன்னது, என்றாள். சேலைமேலேயே கவுனை மாட்டிக்கொண்டாள்.

"வேற வழி இல்லையா சார்? செல்லை மருந்து போட்டு நிறுத்தி வச்சு நாளைக்கு எண்ணுவாங்களே சில பேரு."

"இருக்கு. அவ ஒத்துக்க மாட்டா. உயிரோட எண்ணணும்னு சொல்லுவா."

எலியக்கா எலியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் விட்டாள். அவனை வெளியே நிற்கச் சொன்னாள். பன்னிரண்டு வருஷ வேலையில் அவன் இந்த அறைக்குள் வந்ததில்லை. குழாயில் வருகிற செல்லைத்தான் அவனுக்குத் தெரியும். வெளியே போகாமல் நின்ற இடத்திலேயே நின்றான்.

வாயு மெல்ல நிறைந்தது. எலி முன்னங்கால்களால் இரண்டு முறை முகத்தைத் துடைத்துக்கொண்டது. பெட்டியைச் சுற்றி ஒரு சுற்று வந்து மூலையில் உட்கார்ந்தது. விலா ஏறி இறங்கிக்கொண்டே இருந்து, நின்றது.

"முடிஞ்சிருச்சா?"

"இன்னும் கொஞ்ச நேரம் பாக்கணும் சார். நின்ன மாதிரிதான் இருக்கும்."

இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். விடிகாலை ஐந்து நாற்பதுக்கு அவன் லிஃப்டுக்குள் இருந்தான். நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில், கையில் ஃபிளாஸ்க்கோடு. அவன் அறைக்குள் போனபோது நர்ஸ் டியூபைக் கழற்றி முடித்திருந்தாள்.

"இப்ப" என்றாள் எலியக்கா.

இரண்டு இருபத்தைந்துக்குச் சாயமில்லாத குழாயை இயந்திரத்தில் மாட்டினான். கோடு கிழித்தான். எட்டுக் குழாய்களும் வரிசையாகப் போகத் தொடங்கின. ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிஷம். எது மருந்து வாங்கிய எலி, எது வெறும் உப்புநீர் வாங்கிய எலி என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. அவன் அதைப் புரட்டிப் பார்க்கவில்லை. திரையில் புள்ளிகள் கொட்டி, கூட்டம் கூட்டமாகச் சேர்ந்தன. அவன் கை தானாகக் கூட்டங்களைச் சுற்றிக் கோடு வரைந்தது. எலியக்கா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

நாலாவது குழாயில் மச்சான் கூப்பிட்டார். வண்டி கிளம்பிவிட்டது என்றார். கால் மணி நேரத்தில் வீடு.

"இன்னும் நாலு இருக்கு மச்சான்."

"என்ன நாலு?"

அவன் நாலாவது குழாயைக் கழற்றினான்.

"சரி" என்றார் மச்சான். குரல் இறங்கியிருந்தது. "நீங்க வராம எறக்க மாட்டோம். அம்மா சொல்லிட்டாங்க. வெயில்ல வச்சுக்கிட்டு நிப்போம். வாங்க."

அவன் போனை மேசையில் கவிழ்த்து வைத்தான். எழுந்தான். ஐந்தாவது குழாயை எடுத்து விரலால் சுண்டிக் கலக்கி மாட்டினான். நின்றுகொண்டே ஓட்டினான். ஆறு. ஏழு. ஏழில் ஒரு கட்டி வந்து இயந்திரம் அடைத்துக்கொண்டது. கழுவி மறுபடி ஓட்ட ஆறு நிமிஷம் ஆயிற்று. எட்டு முடிந்ததும் சேமித்து, இன்னொரு பிரதி எடுத்து, அதை இன்னோரிடத்திலும் சேமித்தான்.

ஆட்டோவில் எலியக்கா அவன் பக்கம் திரும்பி ஏதோ கேட்டாள். நன்றாக வந்திருக்கிறதா என்று கேட்டிருக்க வேண்டும். அவன் தலையாட்டினான். எதற்கு ஆட்டினோம் என்று தெருமுனை வரைக்கும் யோசித்துக்கொண்டு வந்தான்.

வீட்டு வாசலில் வெள்ளை வண்டி பின்கதவு மூடியபடி நின்றது. பக்கத்துச் சுவரின் நிழல் அதன் பாதியைத்தான் மறைத்திருந்தது. ஆட்கள் பேச்சை நிறுத்தினார்கள். வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்த மச்சான் அவனைப் பார்த்ததும் கதவில் கை வைத்தார். சித்தப்பா முறையாகும் ஒருவர், இவ்வளவு நேரம் எங்கே போனான் என்று யாரிடமோ கேட்டது காதில் விழுந்தது.

அத்தை படியிறங்கி வந்தார். அவனுக்கு நேர் எதிரே வந்து நின்றார். அடிப்பார் என்று நினைத்தான். அப்போதுதான் லேப் கோட்டோடு வந்திருப்பதைக் கவனித்தான். கோட்டின் வலது கை விளிம்பில் கடுகளவுக்கு ரத்தம் காய்ந்திருந்தது.

அத்தை அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் கையைப் பிடித்தார். கோட்டின் விளிம்பை உள்பக்கமாக ஒரு மடிப்பு மடித்தார். கறை அப்போதும் தெரிந்தது. இன்னொரு மடிப்பு மடித்து, விரலால் அழுத்திவிட்டார். பிறகு வண்டிக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.