இரண்டு சுற்று மிச்சமிருந்த வெற்றி

ஓட்டப்பந்தயத்தில் தோற்பது பெரிய விஷயமில்லை. தோற்றுவிட்டு வீட்டுக்கு வந்தால், நான் ஜெயித்ததற்காக ஆடு அறுத்துத் தெருவையே விருந்துக்கு உட்கார வைத்திருந்தார்கள். அதுதான் விஷயம்.

நான் ஏரிக்கரை ரயிலடியில் நிலக்கரி இறக்குகிறவன். நாற்பத்திரண்டு வயது. அறுவடைத் திருநாளுக்கு ஓட்டம் வைக்கிறார்கள், ஊரை மூன்று சுற்று சுற்ற வேண்டும் என்றார்கள். பேர் கொடுத்தேன். இருபது வருஷமாக முதுகில் மூட்டையோடு ஓடுகிறேன், மூட்டை இல்லாவிட்டால் பறப்பேன் என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லியும் வைத்தேன்.

பறக்கத்தான் செய்தேன், ஒரு சுற்று. அந்தச் சுற்றின் முடிவில் எல்லைக்கோட்டை முதலில் தாண்டியவன் நான்தான். பக்கத்து வீட்டு தாலாய், டிராக்டர் பழுது பார்க்கிறவன், கூட்டத்துக்குள்ளிருந்து தொப்பியைத் தூக்கி எறிந்ததைப் பார்த்தேன். தொப்பி தரைக்கு வருவதற்குள் ஆளைக் காணோம்.

கோட்டை முதலில் தாண்டியவன் ஜெயித்தவன், அவ்வளவுதான் அவன் கணக்கு. நல்ல சேதியோடு முதலில் போய் ‘சூயுன்சு’ என்று கூவுகிறவனுக்கு அந்த வீட்டார் ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும். வேறு எவனாவது முந்திவிடப் போகிறானே என்று மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளம்பிவிட்டான். அன்றைக்கு நிஜமாக ஓடி ஜெயித்தவன் அவன்தான்.

இரண்டாம் சுற்றில் எனக்கு விலாவில் பிடித்துக்கொண்டது. மூன்றாம் சுற்றில் தபால்கார அம்மா என்னைத் தாண்டிப் போனாள், போகிற போக்கில் வீட்டில் எல்லோரும் சுகமா என்று விசாரித்துவிட்டு. அதன் பிறகு என் பின்னால் ஆம்புலன்ஸ் மட்டும் வந்தது. டிரைவர் சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டே, ஏறிக்கொண்டால் தானும் நேரத்தோடு சாப்பிடப் போகலாம் என்று கெஞ்சினான். நான் ஏறவில்லை. போய்ச் சேர்ந்தபோது ஒருவன் எல்லைக்கோட்டில் கட்டியிருந்த கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான். நான் இன்னும் வரவில்லை என்றேன். பாவம், ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

யார் கண்ணிலும் படாமல் போய்ப் படுத்துவிடலாம் என்று கொல்லைப் பக்கமாக வந்தேன். அங்கே அடுப்பில் பெரிய கொப்பரை கொதித்தது. என் குளிர்காலக் கோட்டைப் போட்டுக்கொண்டு தாலாய் விறகு தள்ளிக்கொண்டிருந்தான். என் மனைவி புருல்ச்சா சூயுன்சுவுக்கு அதைத்தான் கொடுத்திருக்கிறாள். கோட்டு கிடைத்த ருசியில் அவன் அடுத்த ஊருக்கும் போய் என் மாமனாரிடமும் கூவி, ஒரு கோழி வாங்கியிருக்கிறான்.

கோழி போகட்டும். மாமனார் ஷேர்காசி கிளம்பி வந்துவிட்டார்.

அவரைக் கேட்காமல் அவருடைய பெண்ணைக் கூட்டிவந்தவன் நான். ஒன்பது வருஷமாக அவர் எங்கள் வாசல் மிதித்ததில்லை. கரி அள்ளுகிறவன் வீட்டில் பால்கூடக் கறுப்பாகத்தான் இருக்கும் என்று சந்தையில் சொல்லித் திரிந்தவர். இப்போது நான் உள்ளே போனால், என் வீட்டு மெத்தையில், மூத்தவர்கள் உட்காரும் இடத்தில், கையில் கத்தியோடு இருந்தார். முன்னால் தட்டில் ஆட்டுத்தலை. என்னைக் கண்டதும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவரும் எழுந்தார். புருல்ச்சாவின் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை.

ஒரு வாய் பொய் போதும். அவர் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் வருவார். ஆனால் நாளைக்குக் காலையில் அந்தத் தபால்கார அம்மா அவர் ஊருக்கும் போவாளே.

“மாமா, நான் ஜெயிக்கல.”

தேநீர் பிடிக்கிற சமோவார் குழாயில் புருல்ச்சாவின் கை நின்றுவிட்டது. என் பின்னாலேயே வந்திருந்த தாலாய் கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டான்.

“நான் கெளம்பறப்போ இவர்தான் முதல்ல போயிட்டிருந்தாரு,” என்றான். “அதுக்கப்புறம் இவரு என்ன பண்ணாரோ, அதுக்கு நானா பொறுப்பு?”

மாமனார் அவனைப் பார்க்கவே இல்லை. “எத்தனையாவதா வந்த?”

“எம்பத்தி மூணாவது.”

“எத்தனை பேரு ஓடினீங்க?”

“எம்பத்தி மூணு.”

செருப்பைத் தேடப் போகிறார் என்று நினைத்தேன். அவர் உட்கார்ந்தார். எதையும் விடாமல் சொல்லச் சொன்னார்.

சொன்னேன். தபால்கார அம்மா வந்த இடத்தில் அவருடைய மீசை ஆடியது. ஆம்புலன்ஸ் வந்ததும் கத்தியைக் கீழே வைத்தார். கயிறு வந்தபோது, தொடையில் அடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்தார். மறுபடி சொல்லச் சொன்னார். மூன்றாம் முறை சொல்லும்போது நானே டிரைவரை இறங்கிவந்து என் முதுகைத் தள்ள வைத்தேன். எனக்கே அது நடந்த மாதிரிதான் இருந்தது. விலாவலி மட்டும் அப்படியே இருந்தது, இப்போது சிரித்ததால்.

பிறகு அவர் ஆட்டுத்தலையை அறுக்கத் தொடங்கினார். பெரியவர்கள் சொல் கேட்க வேண்டும் என்று சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற காதை வெட்டி, நாற்பது வயது தாலாயிடம் நீட்டினார்.

“தின்னு. அடுத்த தடவ எத்தனை சுத்துன்னு காதுல விழட்டும்.”

அப்புறம் கண்ணைத் தோண்டினார். கண்ணை யாருக்கும் சும்மா கொடுப்பதில்லை. யாரை அடிக்கடி பார்க்க வேண்டுமோ அவர்களுக்குத்தான் அது. அதை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினார்.

“நீ ஜெயிச்சிருந்தா, உன் பீத்தலைக் கேக்க முடியாம இந்நேரம் ஓடிப்போயிருப்பேன். வாயில போடு, மாப்பிள. அடுத்த வருஷம் எந்தத் தேதி ஓடுற?”

வாய் நிறையக் கண். எனக்காகப் புருல்ச்சாதான் சொன்னாள், இவர் இன்னும் ஓடுவதாகச் சொல்லவில்லையே என்று.

“ஓடுவான், ஓடுவான்,” என்றார் மாமனார். “நான் முந்தின நாளே வந்துடறேன்.”