நீல வளையம்

அலமாரியைக் கவிழ்த்தாயிற்று, மெத்தைக்கு அடியிலும் பார்த்தாயிற்று. வாட்ச்சின் முகப்பைச் சுற்றி மாட்டும் நீல வளையம் மட்டும் குளோரியாவின் கண்ணில் படவில்லை. கிள்ளான் வீட்டுக் கூடத்தில், சவப்பெட்டிக்குள், அவள் அம்மா மகதலேனா நீலப் பட்டுப்புடவையில் கிடந்தாள். மணிக்கட்டு வாட்ச்சில் சிவப்பு வளையம் கண்ணை உறுத்தியது.

பிரிக்பீல்ட்ஸில் வேலைக்குச் சேர்ந்து அம்மா முதல் சம்பளத்தில் வாங்கிய வாட்ச் அது. ஒரு டப்பா நிறைய வளையங்கள், ஒவ்வொன்றும் ஒரு நிறம். அந்தக் காலத்தில் ஆபீஸ் பெண்கள் கையிலெல்லாம் அதுதானாம். மற்றவர்கள் விட்டொழித்தார்கள், மகதலேனா விடவில்லை. முள் நின்று எத்தனையோ வருஷமாகியும், "மணி பாக்கவா கட்டுறேன்? மணி கேட்டா யாராச்சும் சொல்லுவாங்க லா," என்பாள். புடவைக்குப் பொருந்தாத வளையத்தோடு அவள் சர்ச்சுக்குப் போனதே இல்லை.

"அக்கா, ஃபாதர் காத்திருக்காரு. மூடச் சொல்லட்டா?" தம்பி பிரையன் வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தான்.

"மூடினா தெரியும்! இருடா."

"சிவப்போ நீலமோ, யாரு பாக்கப் போறா?"

குளோரியாவுக்குச் சுரீரென்றது. முந்தாநாள் அவளும் அதைத்தானே கேட்டாள்! நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, நீலக் கவுனுக்கு வளையம் மாற்றணும் என்று நின்ற அம்மாவை, "எமர்ஜென்சில யாரும்மா பாக்கப் போறா? ஏறுங்க காடியில!" என்று தள்ளாத குறையாகக் காரில் ஏற்றினாள். அம்மா ஒரு கையை இறுக மூடியபடி வந்தாள். திரும்பி வந்தது இந்தப் பெட்டியில்தான். பாவி, ஒரு நிமிஷம் நின்றிருக்கக் கூடாதா?

கையை மூடியபடி!

செருப்புகூடப் போடாமல் காருக்கு ஓடினாள். முன் சீட்டுக்கும் கதவுக்கும் நடுவே விரலை நுழைத்துத் துழாவினாள். மிட்டாய்த் தாள், பழைய பார்க்கிங் சீட்டு, அப்புறம் அது.

திரும்பி வருவதற்குள் சவப்பெட்டிக்காரர்கள் மூடியைக் கையில் தூக்கிவிட்டார்கள்.

"பாஸ், ஒரு நிமிஷம்!" பெட்டிமேல் குனிந்தாள். நகத்தால் நெம்பிப் பார்த்தாள். சிவப்பு அசையவே இல்லை. "வரமாட்டேங்குது டேடி..." என்று உடைந்து அழுதாள்.

காலையிலிருந்து ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்த அப்பா அம்புரோஸ் எழுந்து வந்தார். "கொண்டா." கட்டை விரலால் அழுத்தி ஒரு திருகு, சிவப்பு கழன்றது. நீலத்தை வைத்துத் திருகினார்.

"உங்களுக்கு எப்படி டேடி?"

"ஞாயித்துக்கிழமையெல்லாம் யாரு மாத்திவிட்டதுன்னு நெனச்சே?"

செபமாலையைச் சற்று ஒதுக்கி, வாட்ச் தெரியும்படி மனைவியின் கையை வைத்தார். சிவப்பு வளையத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"மணி என்னடா?" என்று பிரையனைக் கேட்டார்.