மண்மேட்டுக்கு ஒரு வித்வான்

ஆவடியில் மலை கிடையாது. இல்லாவிட்டால் என்ன? தொழிற்சாலைக்கு அஸ்திவாரம் தோண்டிய மண்ணைப் பத்து வருஷத்துக்கு முன்னால் லாரி லாரியாகக் கொண்டுவந்து சேக்காட்டுப் பக்கம் கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அது மழையில் இறுகி, முள் மண்டி, மூன்று ஆள் உயரத்துக்கு நின்றது. ஊர்க்காரர்களுக்கு அது மண்மேடு. குடியிருப்பு நலச் சங்கமோ 1972-ஆம் வருஷம் அதைச் 'சிகரம்' என்று தீர்மானமே போட்டுவிட்டது. எழுதுகிற கைக்கு வலிக்கவா போகிறது?

சிகரம் என்று ஆன பிறகு பெயர் வேண்டாமா? சங்கத்துக்காரர்கள் அத்தனை பேரும் சங்கீதப் பைத்தியங்கள். ஒரு மகா வித்வான் பெயரைச் சூட்டி, உச்சியில் கல் நட்டு, சுற்றிலும் கம்பிவேலி போடுவதென்று ஏகமனதாக முடிவாயிற்று. எந்த வித்வான் என்பதில்தான் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பாழாய்ப் போயின.

சங்கக் கட்டடத்தைப் பெருக்கி, கூட்டத்துக்கு டீ கொடுக்கிற தாயம்மாவுக்கு எந்த வித்வானும் ஒன்றுதான். அவள் கவலையெல்லாம் கம்பிவேலியைப் பற்றித்தான். சேக்காட்டில் அவள் தெருவில் ஒரு வீட்டிலும் கக்கூஸ் இல்லை. விடிவதற்குள் பெண்கள் போய் ஒதுங்குவது அந்த மேட்டின் மறைவில்தான். அதை விட்டால் தண்டவாளம் தாண்டிப் போக வேண்டும். அங்கே மறைவும் கிடையாது, ரயில் வருகிற நேரமும் தெரியாது. மகள் முத்தம்மாளுக்கு இது ஏழாவது மாசம். அவளைத் தண்டவாளம் தாண்டவிட்டு, வீட்டில் இவள் எப்படி நிம்மதியாக உட்கார்ந்திருப்பாள்?

நாலாவது ஞாயிறும் கச்சேரி ஆரம்பித்தது.

"எங்க சாமிநாத பாகவதர் மேல் ஸ்தாயில போய் நின்னா, அதுதான் சார் சிகரம்!" என்றார் ஸ்டோர்ஸ் ஜம்புலிங்கம்.

"உங்க பாகவதர் பாட்டு மைக் இல்லேன்னா முன்வரிசையத் தாண்டாது. எங்க மாணிக்கம் பிள்ளை நாகஸ்வரம் நாலு ஊருக்குக் கேக்கும்!" என்று ஃபோர்மேன் சண்முகசுந்தரம் மேஜையைக் குத்தினார். டீ கொட்டியது.

தலைவர் நாகேந்திரன் சமாதானம் பண்ணப் பார்த்தார். கிழக்குச் சரிவு ஒருவருக்கு, மேற்குச் சரிவு ஒருவருக்கு என்றார். காலை வெயில் படுகிற கிழக்கு யாருக்கு என்று அதிலும் சண்டை வந்தது. தலையில் அடித்துக்கொள்ள வேண்டியதுதான்!

சிந்தின டீயைத் துடைக்க வந்த தாயம்மா மெல்ல வாயைத் திறந்தாள்.

"சார், இன்னா பேரு வோணா வெச்சிக்குங்க. வேலி மட்டும் வோணாம் சார்."

"ஏம்மா?" என்றார் நாகேந்திரன்.

"பொம்பளைங்க நாங்க அங்கதான்... போவோம் சார்."

"ஆடு மேய்க்கத்தானே? வேற இடம் பாத்துக்கோ."

தாயம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கெட்டிலை டக்கென்று கீழே வைத்தாள்.

"ஆடும் இல்ல, மாடும் இல்ல சார். எங்க தெருப் பொம்பளைங்க அறுபது பேரும் தெனம் வெளிக்குப் போறது அந்த மேட்டாண்டதான். வேலி போட்டுட்டா ஏழு மாசப் புள்ளத்தாச்சி எம் பொண்ணு எங்க போவா? ரயில்ல உழுவாளா?"

ஜம்புலிங்கம்தான் முதலில் தொண்டையைக் கனைத்தார்.

"யோசிச்சுப் பாத்தா நாகஸ்வரம் மங்கல வாத்தியம். பிள்ளைவாள் பேரையே வெச்சிடலாம். நான் விட்டுக்கொடுக்கறேன்."

"சேச்சே! பாகவதர் வயசுல பெரியவர். முதல் மரியாதை அவருக்குத்தான்" என்று பதறினார் சண்முகசுந்தரம்.

நாலு வாரமாக எங்கே ஒளிந்திருந்ததோ அந்தப் பெருந்தன்மை! ஆளுக்கு ஆள் தள்ளிவிட்டார்கள். கடைசியில் பெயரும் வேண்டாம், கல்லும் வேண்டாம் என்று ஒத்திவைத்தார்கள்.

"அப்ப வேலி?" என்றாள் தாயம்மா.

"இனிமே எதுக்கும்மா வேலி? அந்தப் பக்கம் எந்த மனுஷன் போவான்!" என்று மூக்கைச் சுளித்தார் ஜம்புலிங்கம்.

அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. மனுஷன் என்ற சொல்தான் உள்ளே போய்க் குத்தியது. கெட்டிலை எடுத்தவள் நகராமல் நின்றாள்.

"வேலிக்கு எடுத்து வெச்ச துட்டு கீதில்ல சார்? அதுல எங்களுக்கு ஒரு கக்கூஸு கட்டிக் குடுங்க. உங்க வித்வான் பேரையே அதுக்கு வெச்சிக்குங்க."

"ஐயையோ!" என்றன நாலைந்து குரல்கள். இந்த ஒரு விஷயத்தில் இரண்டு கட்சிகளும் சுருதி பிசகாமல் சேர்ந்துகொண்டன.

"அப்ப எம் பேரப் போடுங்க சார். தாயம்மா கக்கூஸுன்னே எழுதுங்க. எனக்கு ஒண்ணும் மானம் போயிடாது. அது இல்லாமத்தான் சார் தெனம் போவுது."

யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நாகேந்திரன் பேனாவைத் திறந்தார்.

"உங்க தெருவுல எத்தனை வீடும்மா?" என்று தலை நிமிராமலே கேட்டார்.