சங்கமத்தில் ஓர் இடம்

ஞாயிற்றுக்கிழமை என்றால் பட்டுவுக்கு விடிவதற்கு முன்பே காலில் சக்கரம் முளைத்துவிடும். முளா ஆறும் முட்டா ஆறும் கலக்கிற சங்கமத்தின் பழைய படித்துறைகள், கோயில்கள், மயானம் எல்லாவற்றையும் புனே வாசிகளே நடந்து பார்த்து வரைபடம் போடுகிற ஒரு திட்டத்தில் அவள் சேர்ந்திருந்தாள். கன்டோன்மென்ட் பள்ளியில் சரித்திரம் நடத்தி ஓய்வுபெற்ற ஹெர்பர்ட்தான் தலைவர். ஒரு பழைய கல் அகப்பட்டால் போதும், மனிதர் அரைமணி நேரம் பிடித்துக்கொள்வார். பட்டுவுக்குக் கல்லும் வேண்டாம், பேஷ்வா காலத்துச் சரித்திரமும் வேண்டாம். தன் குழந்தையைப் புதைத்த இடம் வேண்டும்.

தொண்ணூற்று மூன்றில், பிறந்த சில நாளிலேயே போய்விட்ட பெண்குழந்தை. பெண்கள் மயானத்துக்குப் போகும் வழக்கம் இல்லை. அவளால் ஆஸ்பத்திரிக் கட்டிலைவிட்டு இறங்கவும் முடியவில்லை. கணவர் கிருஷ்ணஸ்வாமிதான் துணியில் சுற்றி எடுத்துப் போனார். சங்கமத்துக் கரை என்பதற்கு மேல் இந்தப் பத்து வருஷத்தில் அவரிடம் ஒரு வார்த்தை வாங்க முடிந்ததா? கேட்டால் பேப்பரை விரித்துக்கொள்வார். கல்நெஞ்சக்காரர் என்று மனதுக்குள் வைதுகொண்டே அவள் ரசம் பரிமாறுவாள்.

இந்த ஞாயிறு பிடிவாதமாக அவரையும் கூட்டி வந்துவிட்டாள். சங்கமத்துப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் ஹெர்பர்ட் வரைபடத்தை விரித்து, "ஸார், உங்களுக்குத் தெரிஞ்ச எடம் ஏதாவது இருந்தா குறிச்சுக் குடுங்க" என்று பென்சிலை நீட்டினார். கிருஷ்ணஸ்வாமி பென்சிலை வாங்கி, எதையும் குறிக்காமல் திருப்பிக் கொடுத்தார். பட்டுவுக்குப் பொறுக்கவில்லை. அவரைக் கரைக்கு இழுத்துக்கொண்டு இறங்கினாள்.

"எங்கேன்னு சொல்லுங்கோ. இன்னிக்கு விடமாட்டேன்."

"தெரியாது, பட்டு."

"பொய்!"

"குழி வெட்டறவன் கையில குடுத்தேன். திரும்பிப் பார்க்காம போகணும்னு சடங்கு பண்ணிவெச்ச வாத்தியார் சொன்னார். பார்க்கலைடி. சத்தியமா பார்க்கலை. தெனம் ஆபீஸ் பஸ் இந்தப் பாலத்துல ஏறினா கண்ணை மூடிண்டுடறேன்."

இத்தனை வருஷத்துக் கோபத்தைப் பட்டு இனி யார் தலையில் கொட்டுவது? எதிரே அவர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

"எங்கே நின்னு குடுத்தேள்? அதாவது ஞாபகம் இருக்கா?"

அவர் கரையில் இங்கும் அங்குமாக அலைந்தார். மயானத்துச் சுவரோரம் ஓர் அரசமரத்தடிக்கு வந்ததும் நின்றார். அன்று போலவே ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

பட்டு அவர் பக்கத்தில் போய் நின்று கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, அவருக்கும் சேர்த்து, அவள் திரும்பிப் பார்த்தாள்.