ஜன்னலைப் பார்த்த பாதம்

மாதனூர் தாண்டியதும் ஷூ கம்பெனி வேனின் டயர் வெடித்து வண்டி கவிழ்ந்தது. மற்ற பெண்கள் சிராய்ப்போடு எழுந்துவிட்டார்கள். மோகனாவுக்கு மட்டும் வலது தொடை எலும்பு நொறுங்கிப்போயிருந்தது. அது 2003ஆம் வருடத்து ஆடி மாதம். அருகிலிருந்த ஆஸ்பத்திரியில் அன்றைக்கே ஆபரேஷன் செய்து, எலும்புக்குள் நீளமான கம்பியை இறக்கி, மேலும் கீழும் ஸ்க்ரூ போட்டு நிறுத்தினார்கள்.

அவள் கணவன் வேதாசலத்துக்கு ஆம்பூர் பஜாரில் காய்கறிக் கடை. கலியாணமான நாளிலிருந்து அவன் விடியுமுன் மண்டிக்குப் போய்விடுவான். அவன் திரும்புமுன் அவள் வேன் ஏறியிருப்பாள். பகல் வெளிச்சத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே ஞாயிற்றுக்கிழமைகளில்தான். இப்போது கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு நாள் முழுக்கக் கட்டிலருகே உட்கார்ந்திருந்தான். என்ன பேசுவதென்று தெரியாததால் அவள் குதிகால் வெடிப்புக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்தான்.

அப்படித் தேய்க்கும்போதுதான் ஒருநாள் கை நின்றது.

"இன்னாயா?"

"எடது பாதம் ஃபேனப் பாக்குது. வலது பாதம் ஜன்னலப் பாக்குதுமே."

"அடிபட்ட காலு, அப்டித்தான் இருக்கும். பேசாம தேய்யா."

அவனுக்கு மனசு ஒப்பவில்லை. தையல் பிரித்ததும் அவளை வேலூருக்கு அழைத்துப்போனான். அங்கே ஒரு டாக்டரம்மா இரண்டு கால்களையும் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு இருவருக்கும் புரியும்படி சொன்னார்.

"எலும்பு நேராத்தான் நிக்குது. ஆனா உடைஞ்ச எடத்துக்குக் கீழ இருக்கிற பாகம் வெளிப்பக்கமா திரும்பியிருக்கு. இவ்ளோ நொறுங்கின எலும்புல இப்படி ஆகறது உண்டு. இப்பன்னா கீழ் ஸ்க்ரூவக் கழட்டி, காலத் திருப்பி, மறுபடி போட்டுடலாம். கூடிட்டா எலும்பையே வெட்ட வேண்டியிருக்கும்."

"அப்டியே உட்டா?"

"நடப்பீங்க. பாதம் வெளிய பாத்தபடி நடப்பீங்க. நாளாக நாளாக முட்டி வலிக்கும்."

மோகனா முடியாது என்றாள். மறுபடி அந்த மேஜை, அந்த முதுகு ஊசி, மறுபடி அந்த வலி எதுவும் வேண்டாம் என்று அழுதாள். வேதாசலம் வற்புறுத்தவில்லை.

"நீ எப்டி நடந்தாலும் எனக்கு ஒண்ணும் கம்மி இல்ல. ஆனா வலிக்கும்னு சொல்றாங்க, அதான்," என்றான். இரண்டு நாள் யோசித்துச் சொல்வதாக டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டு ஊருக்குத் திரும்பினார்கள்.

மறுநாள் சகீனா வந்தாள். கம்பெனியில் மோகனாவுக்கு அடுத்த தையல் மெஷின் அவளுடையது. "உன் மெஷின்ல புதுசா ஒரு பொண்ணப் போட்டிருக்காங்க. நூல் அறுந்துகிட்டே இருக்கு. சூப்பர்வைசர் ஒரே பேஜார் பண்றாரு. நீ எப்ப வருவேன்னு என்கிட்ட கேக்கறாரு."

மோகனாவுக்குச் சிரிப்பு வந்தது. கட்டில் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தவள், தன்னையறியாமல் பெடலை மிதிப்பதுபோல வலது பாதத்தைத் தரையில் மெல்ல வைத்தாள். பாதம் பக்கவாட்டில் விழுந்தது. பெடல் இருந்திருந்தால் குதிகால் மட்டும்தான் அதன்மேல் பட்டிருக்கும். பாதத்தை நேராகத் திருப்பப் பார்த்தாள், தொடைக்குள் சுருக்கென்றது. சகீனாவும் அந்தக் காலையே பார்த்தாள்.

"யோவ்," என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள் மோகனா. "அந்த டாக்டரம்மாகிட்ட சரின்னு சொல்லிரு."

இரண்டாவது ஆபரேஷன் முடிந்து வார்டுக்குக் கொண்டுவந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "எப்டி இருக்கு, பாத்துச் சொல்லு" என்பதுதான். வேதாசலம் கால்மாட்டில் போய் நின்று, துணியை விலக்கி, வெகுநேரம் பார்த்தான்.

"ரெண்டும் ஃபேனத்தான் பாக்குது," என்றான். பிறகு முகத்தைத் துண்டால் துடைப்பதுபோல மூடிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் பாடு. பிசியோதெரபி சொல்லித்தந்த கேத்தரின் முட்டியை மடக்கி நீட்டச் சொல்லியிருந்தாள். காலையும் மாலையும் பத்துப் பத்து தடவை. எண்ணும் வேலை வேதாசலத்துடையது. அவன் ஏழு சொல்லிவிட்டு மறுபடி அஞ்சு என்பான்.

"கடையிலயும் இப்டித்தான் எடை போடறியா?"

"கடையில ஜாஸ்திதான் போடறேன். இங்கயும் ஜாஸ்திதான்."

வலியோடு வலியாக அவள் சிரித்துவிடுவாள். கடையில் விற்காமல் நின்ற காய் எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டு அவன் வைத்த குழம்புக்குப் பெயரே கிடையாது. அவளும் முகம் சுளிக்காமல் சாப்பிட்டாள். அவன் பின்னிவிட்ட சடை காதுக்குப் பக்கத்திலேயே தொங்கும். அதை அவிழ்க்காமல் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை போவாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் சடையைப் பார்த்துச் சிரித்தால், "அவரு பின்னுனது" என்பாள், கொஞ்சம் மிதப்பாக.

மார்கழியில் வேலூரில் எடுத்த எக்ஸ்ரேயில், முறிந்த இடத்தைச் சுற்றி வெள்ளையாகப் புது எலும்பு திரண்டிருந்தது. டாக்டரம்மா அதை விரலால் தொட்டுக் காட்டி, இனி குச்சிகூட வேண்டாம் என்றார்.

பஸ்ஸுக்கு நேரமிருந்தது. கோட்டையைப் பார்க்கணும் என்றாள் மோகனா. அகழியோரம் நடந்தார்கள். மாதக்கணக்காக வாக்கரின் வேகத்துக்கே நடந்து பழகிய வேதாசலம் ஓரடி வைத்து நின்று, மறு அடி வைத்தான். மோகனா முன்னால் போய்விட்டுத் திரும்பினாள்.

"இன்னாயா, வர்றியா இல்லியா?"

"நீ போமே. நா பின்னாடியே பாத்துகினு வர்றேன். அழகா நடக்கற."

இத்தனை வருஷத்தில் அவன் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவள் காதில் விழாததுபோலத் திரும்பிக்கொண்டு, முந்தானையை இழுத்துச் செருகி, அவன் பார்க்கட்டும் என்று நிதானமாக நடந்தாள்.